விஜயனுக்கு மறதி மருந்து வேண்டாம்

சகுந்தலை கதையை நம்மில பெரும்பாலானவங்க ஒரே மாதிரித்தான் கேட்டிருப்போம். ஆசிரமத்துப் பெண், வேட்டைக்கு வந்த ராஜா, காதல், மோதிரம், முனிவரின் சாபம், ராஜாவுக்கு மறதி, மோதிரத்தை விழுங்கின மீன், அந்த மீனைப் பிடிச்ச ஆள், திரும்பவும் ஞாபகம். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை' படமும் இந்தக் கதைதான். பாடசாலை மேடையில போடுறதும் இதுதான். இதைப் பார்க்கிற யாருக்கும் துஷ்யந்தன் மேல கோபம் வராது. பாவம், சாபம், அவன் என்ன செய்வான்?

ஆனா மகாபாரதத்தின் ஆதிபர்வத்துல இதே கதையைத் தேடிப் படிச்சுப் பாருங்க. அங்க சாபம் இல்லை. மோதிரம் இல்லை. மீன் இல்லை. துர்வாசர் அந்தப் பக்கமே வரவில்லை. அதுக்குப் பதிலா ஒரு ஒப்பந்தம் இருக்கு. காந்தர்வ மணத்துக்குச் சம்மதிக்கும் முன்னாடியே சகுந்தலை நிபந்தனை போடுகிறாள்: எனக்குப் பிறக்கும் மகன்தான் உனக்குப் பிறகு அரசன். துஷ்யந்தன் யோசிக்காமலே சரி என்கிறான். படையை அனுப்பி உன்னை அழைச்சிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். படை வரவேயில்லை. பிள்ளை பிறந்து, காட்டு மிருகங்களை அடக்கி விளையாடும் அளவுக்கு வளர்ந்த பிறகு, அவனையும் கூட்டிக்கொண்டு அவளே அரசவைக்குப் போகிறாள். அரசனுக்கு அவளை அடையாளம் தெரிகிறது. இதைக் கதைசொல்லி ஒளிக்கவில்லை. நன்றாக நினைவு இருந்தும், நினைவில்லை என்று அவன் சொன்னதாகவே நூல் சொல்கிறது.

அதோட விடவில்லை. நீ யார், யாருடைய பெண், உன் தாய் எப்படிப்பட்டவள் என்றெல்லாம் சபை நடுவில் கேவலமாகப் பேசுகிறான். சகுந்தலை அழுதுகொண்டு திரும்பவில்லை. நின்று வாதாடுகிறாள். மனைவி என்றால் என்ன, மகன் என்றால் என்ன, சத்தியம் என்றால் என்ன என்று நீளமாக, கூர்மையாக. கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல் வந்து, இவன் உன் மகன்தான் என்று சொன்ன பிறகு அரசன் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்கிறான். அவன் சொல்லும் காரணத்தைக் கவனியுங்க: எனக்கும் தெரியும், ஆனா இவள் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும்.

இப்ப இதை எழுதக் காரணம் ஒரு சிநேகிதி. குவேனியை வைத்து தேவதைக் கதை பாணியில ஒரு சிறுகதை எழுதிக்கொண்டு இருக்கிறாள். விஜயன் எப்படி குவேனியைக் கைவிட்டான் என்பதற்கு ஒரு பின்கதை வேணும். "மதுரையிலிருந்து வந்தவங்கள்ல ஒருத்தி அவனுக்கு மறதி மருந்து குடுத்துட்டதா வைக்கலாமா?" என்று கேட்டாள். கதைக்கு அழகாத்தான் இருக்கும். ஒரு பொற்கிண்ணம், ஒரு மிடறு, எல்லாம் போச்சு. ஆனா எனக்கு இது வேண்டாம் என்று பட்டது. ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு சுற்று.

முதல்ல காளிதாசர் என்ன செய்தார் என்று பார்ப்போம். கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக் காலத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர். அவருக்குத் தேவைப்பட்டது அரசவையில் போடும் நாடகம். அதன் தலைவன் அரசன். அரசன் சபை நடுவில் பச்சைப் பொய் சொன்னால் நாடகம் நிற்காது. அதனால் பொய் இருந்த இடத்தில் ஒரு சாபத்தை வைக்கிறார். துர்வாசர் ஆசிரம வாசலில் வந்து நிற்கிறார். கணவன் நினைவில் மூழ்கியிருந்த சகுந்தலைக்கு அவர் குரல் கேட்கவில்லை. நீ யாரை நினைத்துக்கொண்டு என்னைக் கவனிக்காமல் இருந்தாயோ அவன் உன்னை மறப்பான் என்று சபித்துவிட்டுப் போகிறார். தோழி பிரியம்வதா பின்னாலேயே ஓடிக் கெஞ்சியதில், அடையாளப் பொருளைக் கண்டால் சாபம் நீங்கும் என்று இறங்கி வருகிறார். பிரியம்வதாவும் அனசூயாவும் இதைச் சகுந்தலையிடம் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள், அவள் மனம் தாங்காது என்று.

இதில ஒரு திருப்பம் இருக்கு, வேகமாகப் படித்தால் தப்பிவிடும். அரசன் மறந்ததற்குக் காரணம் இப்ப யார்? சகுந்தலை! அவள் விருந்தாளியைக் கவனிக்கவில்லை. அவள் மோதிரத்தைத் தண்ணீரில் தவறவிட்டாள். மகாபாரதத்தில் வாக்குத் தவறியவன் துஷ்யந்தன். நாடகத்தில் கடமை தவறியவள் சகுந்தலை. குற்றம் ஒருத்தர் தோளிலிருந்து இன்னொருத்தர் தோளுக்கு மாறியிருக்கிறது, மேடையில் யாரும் கவனிக்காத நேரத்தில். வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் 1999-இல் சகுந்தலை பற்றி வெளியிட்ட நூலில், வாதாடும் பெண் எப்படி அடங்கிய பெண்ணாக மாறுகிறாள் என்று இந்தப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். பிறகு 1789-இல் வில்லியம் ஜோன்ஸ் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது தலைப்பிலேயே மோதிரத்தைச் சேர்த்துவிட்டார். ஐரோப்பாவே கொண்டாடியது அந்த மோதிரச் சகுந்தலையைத்தான். தமிழில் மறைமலையடிகள் மொழிபெயர்த்ததும் காளிதாசரைத்தான். ஆதிபர்வத்துச் சகுந்தலைக்கு மேடை கிடைக்கவேயில்லை.

காளிதாசர் மேல முழுப் பழியும் போட முடியாது. அந்தச் சாபத்தால்தான் நாடகத்தின் ஆறாம் அங்கம் கிடைக்கிறது: மோதிரத்தைக் கண்டு நினைவு திரும்பிய அரசன், தான் செய்ததை எண்ணி உருகும் இடம். அந்த வருத்தம் மகாபாரதத்துத் துஷ்யந்தனுக்கு இல்லவே இல்லை. அவன் சிரித்துக்கொண்டு சமாளிக்கிறான். மறதி இருப்பதால்தான் துயரம் வருகிறது, துயரம் வருவதால்தான் கவிதை வருகிறது. அது கலை. ஒத்துக்கொள்கிறேன்.

சரி, மோதிரம் எங்கிருந்து வந்தது? ஜாதகக் கதைகளில் ஏழாவது, கட்டஹாரி ஜாதகம். நம்ம நாட்டுப் பன்சலைகளில் பிள்ளைகள் கேட்டு வளருகிற 550 ஜாதகக் கதைகளில் ஒன்று. காசி அரசன் பிரம்மதத்தன் தோட்டத்தில் உலாத்தும்போது, பாடிக்கொண்டே விறகு பொறுக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் கர்ப்பமாகிறாள். முத்திரை மோதிரத்தைக் கொடுத்து, பெண் பிறந்தால் இதை விற்று வளர்த்துக்கொள், ஆண் பிறந்தால் இதோடு என்னிடம் கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போகிறான். (பெண் பிறந்தால் மோதிரத்தின் விலை, ஆண் பிறந்தால் நாடு. கணக்கு சரியாத்தான் இருக்கு.) ஆண் பிள்ளை பிறக்கிறது. விளையாடும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் அவனை அப்பன் இல்லாதவன் என்று கேலி செய்கிறார்கள். அவன் தாயிடம் கேட்கிறான். அவள் கூட்டிக்கொண்டு அரசவைக்குப் போகிறாள்.

அரசனுக்குத் தெரிகிறது. ஆனால் சபை பார்த்துக்கொண்டு இருக்கிறது. வெட்கம். இவன் என் மகன் இல்லை என்கிறான். மோதிரம்? அது என் மோதிரமே இல்லை என்கிறான்! இங்கே மோதிரம் இருந்தும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அவனுக்கு வந்திருப்பது மறதி இல்லை. அவளுக்கு வேறு சாட்சி இல்லை. இவன் உன் மகன் என்றால் ஆகாயத்தில் நிற்கட்டும், இல்லையென்றால் விழுந்து சாகட்டும் என்று பிள்ளையைக் காலைப் பிடித்து மேலே வீசுகிறாள். பிள்ளை அந்தரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அரசனிடம் பேசுகிறான்.

இந்தக் கதையில எனக்கு அதிகம் பிடிச்சது அந்தப் பெண்ணின் வேலை. மடுல்கெல்லப் பக்கம் கவ்வாத்து வெட்டின மலையில் மிலாறு பொறுக்கித் தலையில கட்டிக்கொண்டு இறங்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அவளை அடையாளம் தெரியும். அவளுக்குப் பெயர்கூட இல்லை, விறகு பொறுக்குகிறவள், அவ்வளவுதான். ஆனா அந்தக் கதை அவளிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது. அரசன் பொய் சொன்னான் என்று சொல்லிவிடுகிறது.

கடல் கடந்தால் மருந்தாகவே ஒரு கதை இருக்கு. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட வோல்சுங்க சாகாவில், வீரன் சிகுர்ட் ப்ருன்ஹில்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். இன்னொரு அரண்மனைக்குப் போகிறான். அங்கே அரசி க்ரிம்ஹில்ட் கொம்புக் கிண்ணத்தில் ஒரு பானம் கொடுக்கிறாள். குடித்ததும் ப்ருன்ஹில்ட் மனசிலிருந்து போய்விடுகிறாள். அரசியின் மகள் குத்ருனைக் கட்டிக்கொள்கிறான். 1876-இல் வாக்னர் இதை இசை நாடகமாக மேடையேற்றியபோதும் அந்தப் பானத்தை விடவில்லை. நினைவு திரும்புவதற்கு இன்னொரு பானத்தையும் வைத்தார். இங்கேயும் பாருங்க, வீரன் சுத்தம். பானத்தைக் காய்ச்சியது ஒரு பெண், அதிலும் மாமியார்.

எல்லா மறதி மருந்தும் இப்படி இல்லை. ஒடிசியில் ஹெலன் திராட்சை மதுவில் கலக்கும் எகிப்திய மருந்து, செத்தவங்களை நினைத்து அழுகிறவங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறுதல் கொடுக்கத்தான். சீனக் கதைகளில் மெங் போ கிழவி கொடுக்கும் சூப்பை அடுத்த பிறவிக்குப் போகும் எல்லாரும் குடித்தே ஆகணும், ராஜாவானாலும் கூலியானாலும். இந்த இரண்டிலும் எனக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு உறுத்துவது தனி ஆளுக்கான மருந்து. வாக்குக் கொடுத்த ஒருத்தன், அந்த வாக்கு தனக்கு இடைஞ்சலாகும் அதே நாளில், யாரோ ஒரு பெண் கையால் வாங்கிக் குடிக்கும் மருந்து.

இந்தத் தனி ஆள் மருந்து நமக்குப் புதுசில்ல. லயத்துல எத்தனை தடவை கேட்டிருப்போம். கொழும்புக்கு வேலைக்குப் போனவன் காசு அனுப்பவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை, அங்கே இன்னொரு குடும்பம் என்று பேச்சு வருகிறது. உடனே, "அவனுக்கு மருந்து வச்சிட்டாங்க." சோத்துல கலந்து குடுத்துட்டா. வெத்திலையில வச்சிட்டா. தாய் இதைச் சொல்லுவாள், அக்கா தங்கச்சி சொல்லுவாங்க, பூசாரி சொல்லுவார். மருந்து வைத்தவள் எப்பவும் ஒரு பொம்பளை. மருந்து சாப்பிட்டவன் எப்பவும் ஒரு அப்பாவி. அதே ஆள் இங்கே இருக்கும்போது மனைவி பேச்சைக் கேட்டு தாயைக் கவனிக்காமல் விட்டாலும் கதை இதுதான்: மருமகள் மருந்து வச்சிட்டா. ஒரு ஆம்பிளை தானாக யோசித்து ஒரு முடிவு எடுத்தான் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

ஆனா இதைச் சிரித்துத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. கைவிடப்பட்டவளும் இதை நம்புகிறாளே, ஏன்? மருந்து வைத்தது உண்மையானால் மருந்தை எடுக்கவும் முடியும். மருந்து எடுக்கிறவங்க இருக்காங்க. பஸ் காசைத் தேடிக்கொண்டு, அவனுடைய சட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். போய் வந்த பிறகு காத்திருக்கலாம். 'அவன் மறந்திட்டான்' என்றால் என்றாவது ஞாபகம் வரும். 'அவன் வேண்டாம் என்று விட்டிட்டான்' என்றால் எதுவும் மிச்சம் இல்லை. காளிதாசருக்கும் இது தெரிந்திருக்கிறது. கடைசி அங்கத்தில் மாரீசர் ஆசிரமத்தில் சாபத்தின் கதை தெரியவரும்போது சகுந்தலை கோபப்படவில்லை. காரணமில்லாமல் என்னைத் தள்ளவில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாத ஒரு பெண்ணுக்கு, "உங்கப்பாவுக்கு மருந்து வச்சிட்டாங்க" என்பது சொல்லக்கூடிய ஒரு வசனம். ஆனால் அதற்கான விலையை எங்கேயோ இருக்கும் இன்னொரு பெண் கொடுக்கிறாள், சூனியக்காரி என்ற பெயரோடு.

இப்ப விஜயனிடம் வருவோம். மகாவம்சத்தின் ஏழாவது அதிகாரத்தில் கதை தெளிவாக இருக்கு. குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டு இருக்கிறாள். விஜயனின் ஆட்களைப் பிடித்து வைக்கிறாள், பிறகு அவன் வாளுக்குப் பயந்து விடுகிறாள், சோறு போடுகிறாள். தன் சொந்த யட்சர் கூட்டத்தை அவன் வெல்வதற்கு வழி காட்டுகிறாள். இரண்டு பிள்ளைகள். பிறகு மந்திரிமார் விஜயனுக்கு முடிசூட்ட வருகிறார்கள். சத்திரிய குலத்துப் பெண் பட்டத்து அரசியாக இல்லாமல் முடி சூட முடியாது என்று அவனே சொல்கிறான். தென்மதுரைப் பாண்டிய அரசனிடம் தூது போகிறது. இளவரசி வருகிறாள், கூடவே தோழிப் பெண்கள், தொழில் தெரிந்த குடும்பங்கள் என்று ஒரு பெரிய கூட்டம்.

மதுரைக் கூட்டம் வந்து இறங்கியதும் விஜயன் குவேனியைக் கூப்பிட்டுப் பேசுகிறான். மனிதருக்கு எப்பவும் அமானுஷ்யரைக் கண்டால் பயம், அதனால் பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ என்கிறான். அவள் யட்சரிடம் திரும்பிப் போகப் பயப்படுகிறாள். தன் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவள் அல்லவா? அதற்கும் அவனிடம் பதில் இருக்கு. ஆயிரம் செலவில் உனக்குப் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன், தாமதிக்காமல் போ.

இதில் மறதி எங்கே? ஒரு துளி இல்லை. ஆயிரம் என்று தொகை முதற்கொண்டு யோசித்து வைத்திருக்கிறான். பிக்குமார் எழுதிய நூல், விஜயனை இந்த நாட்டு அரச வம்சத்தின் முதல்வனாகக் கொண்டாடும் நூல், இருந்தும் அவனுக்கு ஒரு சாபத்தையோ மருந்தையோ கொடுத்துக் காப்பாற்றவில்லை. அதற்கு முந்திய தீபவம்சத்தில் குவேனியே இல்லை, அது வேறு விதமான மறதி. மகாவம்சம் அவளைக் கொண்டுவந்தது, அவன் அவளிடம் பேசிய பேச்சையும் எழுதி வைத்தது. சிநேகிதி அந்தப் பேச்சை எடுத்துவிட்டு மதுரைக்காரி ஒருத்தியின் கிண்ணத்தை வைத்தால், விஜயன் துஷ்யந்தனாகிவிடுவான். குற்றம் வழமை போல ஒரு பெண் கையில், அதிலும் இந்த முறை ஒரு தமிழ்ப் பெண் கையில் போய்ச் சேரும். 1963-இல் ஹென்றி ஜயசேன சிங்களத்தில் 'குவேனி' நாடகத்தை எழுதியதிலிருந்து அவளை மேடையில் பேசவைக்க எத்தனையோ பேர் முயற்சி செய்திருக்கிறார்கள். அவளைப் பேசவைத்துவிட்டு அவன் வாயை மருந்தால் கட்டினால், அவள் யாரிடம் பேசுவது?

குவேனி இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டிக்கொண்டு போகிறாள். யட்சர் நகருக்கு வெளியே அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போகிறாள். உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு யட்சன் கையால் ஒரே அடி அடித்துக் கொன்றுவிடுகிறான். அவளுடைய மாமன் வெளியே வந்து, நீங்க யாருடைய பிள்ளைகள் என்று கேட்கிறான். குவேனியின் பிள்ளைகள் என்று தெரிந்ததும், உங்க அம்மாவைக் கொன்றுவிட்டார்கள், உங்களைக் கண்டால் உங்களையும் கொல்வார்கள், ஓடிப் போங்க என்கிறான். அவங்க சுமணகூடத்துக்கு, அதாவது நாம சிவனொளிபாதமலை என்று சொல்லும் மலைக்கு ஓடுகிறாங்க. மூத்தவன் ஜீவஹத்தன், தங்கை திசாலை. வளர்ந்து, அரசனின் அனுமதியோடு மலய தேசத்தில் குடியிருந்தாங்க என்று அந்தப் பகுதி முடிகிறது. மலய என்றால் இந்த மத்திய மலைநாடு.

அரசனின் அனுமதியோடு என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அந்த அதிகாரத்தில் அரசன் என்றால் விஜயன்தான். பெற்ற பிள்ளைகள் மலையில் குடியிருக்க அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கு. அனுமதி கொடுக்கும் அளவுக்கு அவனுக்கு அவங்களைத் தெரிந்திருக்கு. ஆனா அடுத்த அதிகாரம் தொடங்கும் இடத்தைப் படியுங்க. 38 வருடம் ஆண்டு முதுமையடைந்த விஜயன் யோசிக்கிறான்: எனக்கு வயதாகிவிட்டது, எனக்கு மகன் இல்லை. அதனால் தன் தம்பிக்குச் செய்தி அனுப்புகிறான். தம்பியின் மகன் பண்டுவாசுதேவன் வந்து அரசனாகிறான்.

மகன் இல்லையாம். சிநேகிதிக்கு என் யோசனை, பின்கதையில் ஒரு காட்சி வேணும் என்றால் இந்த வாக்கியத்தை அவன் முதல் தடவை சொல்லிப் பார்க்கும் காட்சியை எழுதட்டும். பக்கத்தில் ஒரு மந்திரி நிற்கட்டும், ஜீவஹத்தனுக்கு அனுமதி ஓலை எழுதிய அதே மந்திரி. கிண்ணம் வேண்டாம்.

ஜீவஹத்தனின் பரம்பரை நாம்தான் என்று சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பெருமைக் கதைகள் இந்த நாட்டில் ஏற்கெனவே போதும். மகாவம்சம் அவங்க வழியில் வந்தவங்களைப் புலிந்தர் என்கிறது, நம்ம ஆட்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டில், கோப்பிக்கு, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து. ஆனா மலையில் இருக்க அனுமதி கேட்கிற நிலைமை நமக்குப் புரியாத ஒன்றில்லை. 1948-இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து பாட்டன்மாரைப் பிரஜை இல்லாதவங்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டாங்க: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டாங்க. பிரிக்கப்பட்டவங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்க பக்கத்து லயங்களிலும் அண்ணன் ஒரு கரையில், தம்பி மறுகரையில் என்று பிரிந்த குடும்பங்கள் இருக்கு.

இதைப் பற்றி நாமே எழுதும்போதும் பேசும்போதும் ஒரு சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம்: மறக்கப்பட்ட மக்கள். 2023-இல், இருநூறு வருட நினைவுக்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் பதாகைகளையும் பேச்சுகளையும் பார்த்து நான் இதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்தேன். மறந்தவன் எண்ண மாட்டான். 975,000 பேரை எண்ணி, மூன்றாகப் பிரித்து, ஒப்பந்தம் எழுதியிருக்காங்க. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப் பட்டியலை வைத்துக் கணக்குப் பார்க்கிறாங்க. அது மறதி இல்லை, முடிவு. 'மறந்துட்டாங்க' என்று சொன்னால், ஞாபகப்படுத்தினால் போதும் என்று ஆகிவிடுகிறது. மோதிரத்தைக் காட்டினால் துஷ்யந்தன் ஓடி வருவான் என்று. நமக்கு நடந்தது காளிதாசர் கதை இல்லை, கட்டஹாரி கதை. மோதிரத்தை நீட்டினோம். அது என் மோதிரமே இல்லை என்றாங்க.

கண்டியைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களில் விஜயனின் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு, அது மகாவம்சத்தில் இல்லை. கொஹொம்ப கங்காரிய என்ற சாந்திச் சடங்கின் பின்னால் உள்ள கதை. விஜயன் குவேனிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். அதை மீறினான். அந்தச் சத்தியத்தின் பழி திவி தோஷமாக, அதாவது சிறுத்தை தோஷமாக வருகிறது. சிறுத்தை உருவில் வருபவள் குவேனி. இந்தக் கதையிலும் விஜயன் எதையும் மறக்கவில்லை, யாரும் அவனுக்கு எதையும் குடிக்கக் கொடுக்கவில்லை. மறந்திருந்தால் தோஷமே இல்லையே. மீறியதற்குத்தான் தோஷம்.

அந்த நோய் யாரைப் பிடித்தது என்பதுதான் விஷயம். பண்டுவாசுதேவனை. சத்தியம் செய்தவன் அவன் இல்லை, குவேனியை அவன் பார்த்ததும் இல்லை. மகன் இல்லை என்று சொல்லிக் கூப்பிட்டதால் வந்து, மகன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தவன். அவனைக் குணமாக்க உள்ளூரில் ஆள் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து மலய ராஜா என்பவனைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கூப்பிட்டால் வர மாட்டான் என்று, ராகு காட்டுப் பன்றியாகிப் போய் அவன் பூந்தோட்டத்தை நாசம் பண்ண, பன்றியைத் துரத்திக்கொண்டே அவன் இலங்கைக்கு வந்து சேர்ந்தான். வந்து ஆடிப் பாடி நோயைத் தீர்த்தான். கங்காரியவில் அந்தப் பன்றி வேட்டையை இப்பவும் நடித்துக் காட்டுகிறாங்க.

கண்டி பெரஹராவில் தலையில் வெள்ளி மின்ன, மார்பில் மணி அசைய வரும் வெஸ் ஆட்டக்காரங்களை வெளிநாட்டுக்காரங்க ஓடி ஓடிப் படம் எடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்த வெஸ் உடுப்பு பெரஹராவுக்காக உண்டானது இல்லை. கங்காரியவுக்காகக் கட்டியது. விஜயன் சத்தியத்தை மீறினதுக்கு, ஊர் கூடி, இரவு முழுக்க மேளம் அடித்து, அவனுக்குப் பின்னால் வந்தவனுக்காக ஆடியது.